நான் முன்மேசையைத் தூக்கிய வரலாறு

“என்கிட்ட குடுத்த எதுவும் இதுவரைக்கும் தொலஞ்சதில்ல மாமா. ரெண்டாவது காப்பி எடுக்கறவன் மொத காப்பிய நம்பாதவன்.”

இந்த இரண்டு வாக்கியங்களும் என் சொந்த வாயிலிருந்து வந்தவை. இடம், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பேருந்தில் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். நேரம், காலை எட்டே முக்கால். வண்டி ஆலப்பாக்கத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. சாட்சிகள், அண்ணாமலை நகர் போகும் மாணவ மாணவியர் சுமார் முப்பது பேர், காலிக் கூடையோடு மீன்காரப் பெண்கள் இருவர், சீட்டுக்கு அடியில் ஒரு பலாப்பழம். கேட்டவர், அந்தப் பேருந்தின் கண்டக்டர் தங்கராசு.

சொல்ல நேர்ந்த காரணம் அற்பமானது. முந்தின நாள் யாரோ ஒரு அம்மா விட்டுப்போன துணிப்பையை அவர் டிரைவர் தலைக்கு மேலே துண்டால் கட்டி வைத்திருந்தார். காலையில் அந்த அம்மா ஏறியதும் அவிழ்த்துக் கொடுத்தார். வண்டியே அவரைப் பாராட்டியது. பிறரைப் பாராட்டும் கூட்டத்தில் எனக்கு ரொம்ப நேரம் உட்கார முடியாது. ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு, பேருந்தில் பையைக் காப்பாற்றுவது பெரிதல்ல என்றும், நான் காப்பாற்றுவது நாற்பதாயிரம் கல்யாண வீடியோ என்றும் தொடங்கி, மேற்கண்ட இரண்டு வாக்கியங்களில் முடித்தேன்.

தங்கராசு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: “இருவத்தாறு வருசமா வுட்டுட்டுப் போனத எடுத்து வெச்சி குடுத்துக்கினுதான் இருக்கேன் மாப்ள. ஆனா ஒண்ணும் தொலஞ்சதில்லன்னு மட்டும் நான் சொன்னதில்ல. பெரியப்பட்டு எறங்குறவுங்க முன்ன வாங்க.”

அவருக்குத் தன்னம்பிக்கை போதாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அவர் எனக்கு ரத்த உறவு அல்ல. பதினோரு வருடம் ஒரே வண்டியில் போய்வந்ததில் மாமா, மாப்பிள்ளை என்று முறை ஏற்பட்டுவிட்டது. அவருடைய குரல் மட்டும் ஊருக்கே உறவு. முதுநகரில் நின்று அவர் “சிதம்பரம், சிதம்பரம், சிதம்பரேம்” என்றால், வேறு ஊருக்குப் போக வந்தவர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். டீசல் எஞ்சின் உறுமும்போதும் அந்தக் குரல் உயராது. எஞ்சின்தான் அடங்கிப்போனது மாதிரி இருக்கும். காரைக்காடு, ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது நான் அரைத்தூக்கத்தில் இருப்பேன். எந்த ஊர்ப்பெயருக்கு விழிக்க வேண்டுமோ அதற்கு என் கண் தானாகத் திறக்கும்.

என் வாழ்க்கைக் குறிப்பு நீளமானதல்ல. அண்ணாகிராமம் ஒன்றியத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தேன். கைவசம் ராஜ்ஜியம் எதுவும் இல்லாத நிலையிலும் அப்பா எனக்கு இளவரசு என்று பெயர் வைத்தார். முந்திரிக்கொட்டையின் பால் பட்டால் கை வெந்துபோகும் என்பதால் படிப்பில் கவனம் செலுத்தினேன். ஊரில் இதை ஆர்வம் என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். கணினியில் ஒரு பட்டம் வாங்கி, மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். பிளஸ் டூ முடிவு பார்க்க வந்த பிள்ளைகளுக்கு அச்செடுத்துக் கொடுத்ததில், தேறியவர்கள் தேறியதற்கு நானும் ஒரு காரணம் என்று நெடுநாள் நம்பினேன். பிறகு கல்யாண கேசட்டை சிடியாக மாற்றினேன். பிறகு சிடியை ஹார்ட் டிஸ்க்காக மாற்றினேன். இப்போது நாற்பத்தாறு வயதில், ஜே.பி. டிஜிட்டல் என்ற நிறுவனத்தின் ஸ்டோரேஜ் பிரிவுக்குத் தலைவன். அந்தப் பிரிவில் தலைவனைத் தவிர வேறு ஆள் கிடையாது.

நிறுவனத்தின் உரிமையாளர் ஜெயப்பிரகாஷுக்குக் கடலூரில் கலர் லேப், சிதம்பரத்தில் ஒரு மாடி. மாவட்டத்தின் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் கேமராக்காரர்களின் கையிலிருந்து அந்த மாடிக்கு வந்து, எடிட்டிங் ஆகி, பாட்டுச் சேர்ந்து, என் பொறுப்பில் தங்கும். மூன்று பெரிய பெட்டிகள். மூன்றையும் ஒரே களஞ்சியம்போல் நடத்துவதற்கு ஒரு மென்பொருள். எந்தக் கோப்பையும் அது சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, எல்லாப் பெட்டிக்கும் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நகல் வைக்கும். ஒரு பெட்டி எரிந்தாலும் கல்யாணம் எரியாது. என் பெருமைக்கு அடிப்படை இதுதான். இதில் என் பங்கு என்னவென்று யாரும் கேட்டதில்லை.

பெட்டிகளில் உள்ள டிஸ்க்குகள் பெரியவை, மெதுவானவை. அதனால் முன்பக்கம் ஆறு வேகமான டிஸ்க்குகளைப் போட்டிருந்தேன். இதற்குக் கேஷ் அடுக்கு என்று பெயர். நான் முன்மேசை என்றே சொல்கிறேன். பீரோவுக்கு முன்னால் ஒரு மேசை. அன்றாட வேலையெல்லாம் மேசைமேல் நடக்கும். நேரம் கிடைக்கும்போது மென்பொருளே மேசையில் இருப்பதை எடுத்துப் பீரோவில் அடுக்கும். இதில் ஒரு சிறு விவரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பீரோவில் எல்லாம் மூன்று நகல். மேசைமேல் ஒன்றுதான். இடம் மிச்சமாகட்டும் என்று நானே அப்படி அமைத்திருந்தேன். மேசை என்பது சும்மா வந்து போகிற இடம்தானே.

என் மனைவி மாலதி இதற்கு நேரெதிர். ரேஷன் கார்டு, பத்தாவது மார்க் ஷீட், கேஸ் புத்தகம் எல்லாவற்றையும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு அரிசி டிரம் மேல் வைத்திருப்பாள். ஜெராக்ஸ் மங்கிப்போகும் என்று ஜெராக்ஸுக்கும் ஒரு ஜெராக்ஸ் உண்டு. இந்த டப்பாவைப் பற்றி விருந்தாளிகள் முன்னால் நான் பல நகைச்சுவைகள் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்ததில்லை.

போன வருடம் வைகாசியில் தங்கராசு மாமாவின் குரல் கரகரத்தது. டீ குடித்தார், மிளகுக் கஷாயம் குடித்தார், மூன்று மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆவணியில் பாண்டிச்சேரியில் பார்த்துவிட்டு, தொண்டையில் குரல் பெட்டியையே எடுக்க வேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியில் இதை அவர் எனக்குச் சொன்னவிதம், அடுத்த ஸ்டாப் ரிப்பேர், இறங்கி நடக்கணும் என்பதுபோல் இருந்தது.

அவருடைய மகள் கனிமொழி வடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். எதையும் விசாரித்துவிட்டுத்தான் அழுவாள். இப்போது செயலிகள் வந்துவிட்டன என்றும், ஒருவர் ஒரு மணி நேரம் வாசித்ததைப் பதிவு செய்து வைத்திருந்தால், பிறகு அவர் எழுதுவதை அவருடைய குரலிலேயே போன் பேசும் என்றும் கண்டுபிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எங்கள் மாடியில் சத்தம் புகாத ஓர் அறை உண்டு. மணமக்கள் தங்கள் காதல் எப்படி மலர்ந்தது என்று பொய் சொல்வதற்காகக் கட்டியது. அங்கே, ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, மாமாவை உட்காரவைத்து நானே பதிவு செய்தேன்.

செயலி கொடுத்த வாக்கியங்கள் விசித்திரமானவை. “இன்று வானிலை இனிமையாக இருக்கிறது” என்று அவர் கண்டக்டர் குரலில் சொன்னபோது யாரையோ இறங்கச் சொல்வதுபோல் இருந்தது. கரகரப்போடு ஐம்பத்தைந்து நிமிடம் வாசித்தார். முடித்ததும் எழுந்திருக்காமல், “இன்னும் ஓடுதா?” என்றார். ஓடுகிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஒரு டிரிப் அடித்தார். ஒவ்வொரு ஸ்டாப்பும், ஒவ்வொரு ஸ்டாப்பில் சொல்லும் வசவும், சில்லறை இல்லாதவனுக்கு ஒரு வார்த்தை, படியில் தொங்குகிறவனுக்கு இரண்டு வார்த்தை. மொத்தம் ஒரு மணி இரண்டு நிமிடம்.

கனிமொழி பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து என்னிடம் நீட்டினாள். “இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க மாமா.”

அந்தப் பென்டிரைவை நான் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. “இது பஸ்ஸுல வுட்டுட்டுப் போற பை மாதிரிம்மா. எங்கனா விழுந்துடும். என்கிட்ட இருந்தா மூணு எடத்துல இருக்கும். ஒங்கப்பா ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் வா, சத்தமெல்லாம் சுத்தம் பண்ணிக் குடுக்கறேன்” என்றேன்.

அவள் பென்டிரைவைத் திரும்பப் பைக்குள் போட்டாள். மாமா என்னைப் பார்த்தார். அவருக்கு மிச்சமிருந்தது இரண்டு நாள் பேச்சு; அதை என்மேல் செலவழிக்க விரும்பவில்லை போலும்.

புரட்டாசி வந்தது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் குவிந்த கல்யாணங்களை வெட்டி ஒட்டும் மாதம் அது. ஆகவே என் முன்மேசை நிரம்பி வழிந்தது. மாமாவின் குரலும் அங்கேதான் இருந்தது. நான் தினமும் பத்து நிமிடம் எடுத்து, மின்விசிறிச் சத்தத்தை நீக்கிச் சேமிப்பேன். தினமும் தொட்டுக்கொண்டிருக்கும் கோப்பு மேசையை விட்டு நகராது.

அந்த நேரத்தில் மென்பொருளைச் செய்பவர்கள் ஓர் அறிவிப்பு போட்டிருந்தார்கள். இனிமேல் முன்மேசை ஏற்பாட்டை அவர்கள் பராமரிக்கப் போவதில்லை, புதிய பதிப்புக்கு வருமுன் எடுத்துவிடுவது நல்லது என்று. எடுக்கும் முறையும் கீழே எழுதியிருந்தது. முதலில் மேசைமேல் புதிதாக எதுவும் சேராமல் நிறுத்து. பிறகு இருப்பதையெல்லாம் பீரோவுக்கு அனுப்பு. மேசை காலியாகும்வரை காத்திரு. பிறகு மேசையை எடு. நான் முதல் வரியையும் கடைசி வரியையும் கவனமாகப் படித்தேன்.

நாள் குறித்தது நான்தான்: ஆயுத பூஜை. எல்லா இயந்திரமும் நிற்கும், எடிட்டிங் கிடையாது, யாரும் குறுக்கே வரமாட்டார்கள். ஜெயப்பிரகாஷுக்கும் மகிழ்ச்சி. கழற்றும் ஆறு டிஸ்க்கையும் அன்று சாயங்காலமே அழித்துக் கடலூர் லேப்புக்கு அனுப்பிவிடு என்றார்.

அன்று காலை எட்டே முக்காலுக்கு மேசையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போட்டேன். ஆறு மணி நேரம் ஆகும் என்று அது காட்டியது. பூஜைக்கு நல்ல நேரம் பத்தரை. அதற்குள் பெட்டிகளை அணைத்து, துடைத்து, பொட்டு வைத்தாக வேண்டும். எங்கள் அலுவலகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஞானாம்பாள் மஞ்சள் தண்ணீரோடு வாசலிலேயே நின்றாள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு மேசைமேல் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் மிச்சம்.

எடு என்றேன். மாட்டேன் என்றது. மேசை காலியாகவில்லை, பொருள் போய்விடும் என்றது. கட்டாயம் எடுக்க வேண்டுமானால், “ஆமாம், நான் நிஜமாகத்தான் சொல்கிறேன்” என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் என் கையாலேயே தட்டச்சு செய்யும்படி கேட்டது. பத்திரப் பதிவில்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்கமாட்டார்கள். மிச்சம் இருப்பவை எப்படியும் பழைய நகல்களாகத்தான் இருக்கும், அசல் பீரோவில் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் அளித்துக்கொண்டு, எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்தேன்.

ஆறு டிஸ்க்கையும் உருவினேன். எது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று வெள்ளை டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தேன். ஞானாம்பாள் அவற்றை வாங்கி, கேமராக்களுக்கும் கத்தரிக்கோலுக்கும் செய்ததுபோல, மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுத்தித் துடைத்தாள். பேனா மசி துணிக்குப் போனது. சந்தனம் குழைத்துத் தாராளமாக வைத்தாள், அதன்மேல் குங்குமம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஆறும் வரிசையாக உட்கார்ந்தன. பொரி, கடலை, பூசணிக்காய். ஜெயப்பிரகாஷ் கற்பூரம் காட்டினார்.

மூன்று மணிக்கு டிஸ்க்குகளை அழிக்கலாம் என்று கையை நீட்டினேன்.

“பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜ ஆவறதுக்குள்ள கை வெக்கக் கூடாது சார்” என்றாள் ஞானாம்பாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். “அப்புறம் என்னா ஆனாலும் நான் பொறுப்பில்ல.”

காலையில் இயந்திரம் இதையேதான் சொன்னது, நான் கேட்கவில்லை. ஞானாம்பாளிடம் “நிஜமாகத்தான் சொல்கிறேன்” என்று சொல்லிப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். என் இருபத்தைந்தாண்டு கணினி அறிவில் நடந்த ஒரே சரியான காரியம் இதுதான். அதிலும் என் பங்கு கையை இழுத்தது மட்டும்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து பெட்டிகளைக் கிளப்பினேன். கனிமொழி போனில் சொல்லியிருந்தாள்: அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், பத்தரை வண்டியில் அழைத்துக்கொண்டு வருகிறேன், அந்தக் கோப்பு வேண்டும். திறந்தேன். பெயர் இருந்தது. அளவு சரியாக இருந்தது. ஒரு மணி இரண்டு நிமிடம் என்று நீளம் காட்டியது. ஓடவிட்டேன்.

“வணக்கம். எம்பேரு தங்கராசு. கடலூரு சிதம்பரம் வண்டில கண்டக்டரு” என்று தொடங்கி இருபத்து நான்கு விநாடி குரல் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் நிமிடத்தில் வைத்தேன், மௌனம். நாற்பதாம் நிமிடம், மௌனம். முதல் துண்டு மட்டும் எப்படியோ பீரோவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சம் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட துண்டுகளின் இடத்தை மென்பொருள் மிகுந்த நாகரிகத்தோடு வெறுமையால் நிரப்பிக் கொடுத்திருந்தது.

இந்த இடத்தில் அறிவுள்ளவன் எதையும் தொடமாட்டான். நான் பூஜையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து என் லேப்டாப்பில் சொருகினேன். உடனே ஒரு சிறு கட்டம் எழும்பி ஏதோ கேட்டது. வாழ்நாளில் எழும்பிய எல்லாக் கட்டங்களுக்கும் என்ன செய்தேனோ அதையே செய்தேன். ஓகே கொடுத்தேன். கொடுத்த பிறகு படித்தேன். இதைப் புது டிஸ்க்காக எண்ணித் தயார் செய்யட்டுமா என்று அது கேட்டிருந்தது.

பிடுங்கினேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமாவின் கழுத்தை நினைத்தேன். இனி அவரை அந்தச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொல்ல முடியாது.

ஞானாம்பாள் வந்து, உடம்புக்கு என்ன என்றாள். அந்த ஆறும் எந்தப் பெட்டியில் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதிய டேப்பை நீ துடைத்துவிட்டாய் என்று, அவள்மேல் பழியைச் சாய்க்க ஒரு முயற்சி செய்தேன்.

“நீங்க எடுத்துக் குடுத்த வரிசையிலயேதான் வெச்சேன். எடப்பக்கத்துலேருந்து ஒண்ணு, ரெண்டு. கொலுவுல மாத்தி வெப்பாங்களா யாராவது?” என்றாள். நான் எந்த வரிசையில் எடுத்துக் கொடுத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது. முதலில் ஜன்னலோரப் பெட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று.

ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே சொருகினேன். இரண்டு டிஸ்க்கின் வாய்க்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியும் ஸ்பிரிட்டும் கொண்டு ஞானாம்பாள் அதைச் சுரண்டி எடுத்தாள். அவள் வைத்த சந்தனம், அவளுக்குத்தான் அதன் குணம் தெரியும்.

பதினொன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். மாமா இளைத்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, அதன்கீழே துளை. சட்டைப் பையில் பழைய பழக்கத்துக்கு விசில் இருந்தது. ஊத முடியாதாம், மூச்சு கழுத்து வழியாகப் போய்விடுகிறது என்றாள் கனிமொழி. அவர் பேச வேண்டியதையெல்லாம் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

சர்வர் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றேன். பண்டிகை நாள், லோடு ஜாஸ்தி என்றேன். கனிமொழி தலையாட்டினாள். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏதோ எழுதித் திருப்பிக் காட்டினார்.

“எங்க வுட்ட?”

இருபத்தாறு வருடமாகப் பையைத் தொலைத்தவர்களிடம் அவர் முதலில் கேட்கும் கேள்வி அது. வண்டியில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். “எடுத்துடலாம் மாமா” என்று மட்டும் சொன்னேன். கனிமொழி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் தலையாட்டவில்லை.

ஐந்து டிஸ்க்குகள் உயிர்பெற்றன. ஆறாவது, நான் ஓகே கொடுத்தது, எழவில்லை. அதன் தலைப்பகுதியில் என் லேப்டாப் தன் முத்திரையைக் குத்தியிருந்தது. பழைய தலைப்பகுதிக்கு ஒரு நகல் பெட்டிக்குள் இருந்தது. யாரோ ஒரு மென்பொருள்காரன், ரெண்டாவது காப்பி எடுக்கிற ஆசாமி, மொத காப்பியை நம்பாதவன், அதைத் தானாகவே எடுத்து வைக்கும்படி எழுதியிருந்தான். முகம் தெரியாத அந்த மனிதனுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டுவிட்டு, அதிலிருந்து திருப்பி எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆறாவதும் எழுந்தது.

மேசையைப் பீரோவுக்கு முன்னால் திரும்பப் போட்டேன். இருப்பதை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பு என்றேன். அன்றைக்கு எனக்கு எந்த நல்ல நேரமும் குறுக்கே இல்லை. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. நாலாயிரம். ஞானாம்பாள் எல்லாருக்கும் பொரியும் டீயும் கொடுத்தாள். மூவாயிரத்து எழுநூறு. மாமாவால் விழுங்க முடியாது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார், வண்டி கிளம்பக் காத்திருக்கும் ஆள் மாதிரி. சாயங்காலம் ஐந்தே காலுக்கு எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. நாலு. ரெண்டு. ஒன்று.

ஒன்றிலேயே நின்றது. இன்னொரு தடவை அனுப்பினேன். நின்றது. அந்த ஒரு துண்டு ஆறாவது டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் இருந்தது. என் லேப்டாப் தலையில் மட்டுமல்ல, வாலிலும் ஒரு முத்திரை குத்தியிருந்தது. மேசைமேல் ஒரே நகல் போதும் என்று தீர்மானித்த அறிஞன் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

கோப்பைத் திறந்தேன். ஐந்தாம் நிமிடம், குரல். நாற்பதாம் நிமிடம், குரல். “இன்று வானிலை இனிமையாக இருக்கிறது.” கனிமொழி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாமா தன் குரலைக் கேட்டுக் கொஞ்சம் முகம் சுளித்தார். தன் போட்டோவைப் பார்க்கும் எல்லாரையும் போல.

“இது போதும் மாமா. செயலிக்கு அர மணி நேரம் இருந்தாலே போதுமாம்” என்றாள். பையிலிருந்து அதே பென்டிரைவை எடுத்து என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். செயலிக்கு வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. கடைசி ஏழு நிமிடத்தை யாரும் இன்றைக்குக் கேட்கப் போவதில்லை. கேட்கும்போது குறை இருந்தால், பதிவிலேயே அப்படித்தான் இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. மறுத்துச் சொல்ல அவருக்குத்தான் வாய் இல்லை. இந்தக் கணக்கு என் மனதில் ஓடி முடியச் சரியாக ஒரு விநாடி ஆனது. அந்த ஒரு விநாடிக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

கோட்டை இழுத்துக் கடைசிப் பகுதியில் வைத்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்ட். முதுநகர். காரைக்காடு, படியில நிக்காத, உள்ள போ. ஆலப்பாக்கம். பெரியப்பட்டு எறங்குறவுங்க முன்ன வாங்க. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கோடு மட்டும் நகர்ந்தது. எல்லாரும் காத்திருந்தோம். பிறகு திடீரென்று, பி.முட்லூர், சில்லற வெச்சிக்கினு ஏறு.

“புதுச்சத்திரத்த தொலைச்சிட்டேன் மாமா” என்றேன். “இருவத்திநாலு செகண்டு. வராது. நேத்து நான் பண்ண வேல.”

முழுதும் சொன்னேன். மேசை, பூஜை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று தட்டச்சு செய்தது, ஓகே கொடுத்தது, மூன்று இடம் என்று சொன்னது பொய் என்பது. கனிமொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா டிரிப் ஷீட்டைத் தொடையில் வைத்து நிதானமாக எழுதினார். காட்டினார்.

“24 செகண்டா? முதுநகருல ஒனக்காக அதவிட ஜாஸ்தி நின்னிருக்கேன்.”

கனிமொழியின் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்தேன். கீழே கடைக்குப் போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தேன். இரண்டிலும் நகல் எடுத்து, ஒன்றை மாமாவின் சட்டைப் பையில், விசிலுக்குப் பக்கத்தில் போட்டேன். மூவரும் ஆறரை வண்டியில் கடலூர் திரும்பினோம். புதுக் கண்டக்டர் ஒரு ஸ்டாப் பெயரும் சொல்லவில்லை, விசில் மட்டும் ஊதினார். புதுச்சத்திரத்தில் நான் விழித்தேதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாலதி அடுப்படியில் இருந்தாள். அரிசி டிரம் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைச் சத்தமில்லாமல் திறந்தேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கும், அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸுக்கும் நடுவில் மூன்றாவது பென்டிரைவைச் செருகினேன்.

“என்னா தேடற?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல” என்று மூடியை அழுத்தினேன்.